போன்ஹோஃபரை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துவது எப்படி: பாடம் நடத்துபவர்களுக்கான முழு வழிகாட்டி

ஜெர்மன் போதகரும் இறையியலாளருமான டீட்ரிச் போன்ஹோஃபரைப் பற்றிப் பாடம் எடுக்கும் பலர் தூக்குமேடையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1945 ஏப்ரல் 9, ஃப்ளோசன்பூர்க் நாஜி வதைமுகாம், 39 வயது. வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும், சிலருக்குக் கண் கலங்கும். அடுத்த வாரம் அவர் எழுதிய 10 பக்கத்தைக் கொடுத்தால், அதில் ஒரு வரியைக்கூடக் கேள்வி கேட்க அவர்களுக்கு மனம் வராது. இரத்தசாட்சியாகப் பார்த்துவிட்ட ஒருவரோடு யார் வாதாடுவார்கள்?

நானும் முதல் இரண்டு முறை அப்படித்தான் நடத்தினேன். பருவத்தின் முடிவில் மாணவர்களுக்கு அவருடைய வாழ்க்கை மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. "கிருபை மலிவாகிவிட்டது என்று அவர் சொல்வதில் நீ எங்கே உடன்படுகிறாய், எங்கே தயங்குகிறாய்?" என்று கேட்டபோது பதில் வரவில்லை. அதன் பிறகு வரிசையை மாற்றினேன். எழுத்தை முதலில் கொடுத்தேன், வாழ்க்கையை அந்த எழுத்துக்குத் தேவைப்படும் அளவுக்கு மட்டும் சொன்னேன், மரணத்தைக் கடைசிக்குத் தள்ளினேன். இந்த வழிகாட்டி அந்த வரிசைப்படி எழுதப்பட்டது. ஒன்றரை மணி நேர வகுப்பு எட்டு கிடைத்தால் போதும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, வாசிக்கும் பகுதிகளை நீங்களே வெட்டிக் குறைத்து வைத்துக்கொள்வது. போன்ஹோஃபரின் முழுத் தொகுப்பு ஜெர்மனில் 16 தொகுதிகள். புதிதாக வருபவர் அந்தக் கடலில் எங்கே கால் வைப்பார்? ஒரு வகுப்புக்கு 10 பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அவருடைய வாக்கியங்கள் படிக்க எளிமையாகத்தான் இருக்கும். அதனாலேயே மாணவர்கள் வேகமாக ஓடிவிடுவார்கள், ஓடினால் எதுவும் தங்காது.

எனக்குப் பயன்பட்ட பகுதிகள் இவை. 1937-இல் வெளிவந்த 'நாக்ஃபோல்கெ' நூலின் முதல் இரண்டு அதிகாரங்கள். 1939-இல் வெளிவந்த 'கெமைன்ஸாமஸ் லேபன்', அதாவது 'கூடி வாழ்தல்', அதன் முதல் அதிகாரம். 1933-இல் எழுதிய 'திருச்சபையும் யூதர் பிரச்சினையும்' என்ற கட்டுரை. உண்மை பேசுவது பற்றிச் சிறையில் எழுதிய முடிவுறாத கட்டுரை. பிறகு 1944 ஏப்ரல் 30 முதல் ஜூலை 21 வரையிலான சிறைக் கடிதங்களில் ஐந்து.

இரண்டாவது, ஒரு சொல் பட்டியல். நீங்கள் எந்த மொழிபெயர்ப்பை வைத்து நடத்தினாலும், முக்கியமான ஏழெட்டுச் சொற்களுக்கு ஜெர்மன் மூலத்தில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். 'நாக்ஃபோல்கெ' என்பது ஒரே சொல். பின்னால் போவது, பின்பற்றுவது என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் அது சீஷத்துவத்தின் விலை என்ற பொருள்படும் தலைப்போடு பரவியதால், நூல் முழுவதுமே 'விலை' பற்றியது என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கிறிஸ்து அழைக்கும்போது வந்து சாகச் சொல்லி அழைக்கிறார் என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் வரியும் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் கொடுத்த உருவம்தான். மூலத்தில், கிறிஸ்துவின் ஒவ்வோர் அழைப்பும் மரணத்துக்குள் கொண்டுபோகிறது என்ற அளவில் ஒரு குறுகிய வாக்கியம் இருக்கிறது. பொருள் நெருக்கம்தான், ஆனால் தொனி வேறு.

மூன்றாவது, ஒரே பக்கத்தில் ஒரு காலவரிசை. அதை 1939-உடன் நிறுத்திவிடுங்கள். மீதியைப் பின்னால் கொடுக்கலாம். மாணவர்களில் சிலருக்கு முடிவு ஏற்கெனவே தெரிந்திருக்கும், பரவாயில்லை. வகுப்பின் கவனம் அங்கே போகாமல் இருந்தால் போதும்.

2. முதல் அரை மணி: ஒரு தாள், ஒரு கேள்வி

பெயரைச் சொல்வதற்கு முன்பே ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, "கிருபை என்றால் என்ன? இரண்டு வரியில் எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். எழுதியதை மடித்துப் பெயர் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யாருடையதையும் வாசிக்க வேண்டாம்.

இதற்குக் காரணம் இருக்கிறது. போன்ஹோஃபர் தாக்குவது சபைக்கு வெளியே இருப்பவர்களின் கருத்தை அல்ல. சபைக்குள் எல்லோரும் சரி என்று தலையாட்டும் ஒரு கருத்தைத்தான் அவர் தாக்குகிறார். முன்கூட்டியே எழுதாத மாணவர், வாசித்து முடித்த பிறகு "நானும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்று சொல்லிவிடுவார். தன் கையெழுத்து எதிரே இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. அந்தத் தாள்கள் கடைசி வகுப்பில் திரும்பத் தேவைப்படும், பத்திரமாக வையுங்கள்.

பல மதப் பின்னணியுள்ள மாணவர்கள் இருந்தாலும் இதே கேள்வியைக் கொடுக்கலாம். "மன்னிப்பு என்றால் என்ன?" என்று மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

3. மலிவான கிருபை: இரண்டு வகுப்பு முழுக்க

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இங்கே சரியாகப் புரிந்தால் பின்னால் வருவதெல்லாம் புரியும்.

முதல் அதிகாரத்தின் தொடக்கப் பக்கங்களை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், ஆளுக்கு ஒரு பத்தி. மலிவான கிருபை திருச்சபையின் பரம எதிரி என்ற அறிவிப்போடு நூல் தொடங்குகிறது. அதன் பிறகு அவர் சந்தைச் சொற்களை அடுக்குகிறார். தள்ளுபடி விலைக்குப் போகும் சரக்கு, தூக்கியெறியப்பட்ட மன்னிப்பு, மனந்திரும்புதல் கேட்காத பிரசங்கம், ஒழுங்கு இல்லாத ஞானஸ்நானம், பாவ அறிக்கை இல்லாத திருவிருந்து.

இந்த இடத்தில் புதியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி தடுக்கி விழுகிறார்கள். "அப்படியானால் கிருபையைச் சம்பாதிக்க வேண்டும் என்கிறாரா? இது கிரியைகளால் நீதிமானாவது ஆயிற்றே" என்கிறார்கள். பயப்படாமல் இந்தக் கேள்வியைக் கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள். உடனே பதில் சொல்லாதீர்கள். அவரே பதில் சொல்லும் இடம் அதே அதிகாரத்தில் சில பக்கங்கள் தள்ளி இருக்கிறது. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் மடத்தை விட்டு வெளியேறியதைப் பற்றிய பகுதி அது.

அங்கே அவர் ஒரு கணக்கு உவமை வைக்கிறார். லூத்தருக்குக் கிருபை என்பது விடை. வாழ்நாள் முழுவதும் கிறிஸ்துவைப் பின்பற்றப் பாடுபட்ட ஒருவர் கடைசியில் வந்து சேர்ந்த விடை. அவரைப் பின்தொடர்ந்தவர்கள் அந்த விடையை எடுத்துக் கணக்கின் முதல் வரியில் வைத்துவிட்டார்கள். எல்லாம் ஏற்கெனவே மன்னிக்கப்பட்டிருக்கிறது, ஆகவே நான் இருந்தபடியே இருக்கலாம் என்று கணக்கு அங்கிருந்து ஓடுகிறது. சொல் ஒன்றுகூட மாறவில்லை, இடம் மட்டும் மாறியிருக்கிறது.

இதை விளக்க அவரே தரும் எடுத்துக்காட்டு வகுப்பறைக்கென்றே எழுதியதுபோல இருக்கும். கதேயின் நாடகத்தில் வரும் அறிஞன், வாழ்நாளெல்லாம் கற்ற ஃபௌஸ்ட், நம்மால் எதையும் அறிய முடியாது என்று சொன்னால் அது உழைப்பின் முடிவு. அதே வாக்கியத்தை முதல் பருவத்து மாணவன் தன் சோம்பலுக்குச் சாக்காகச் சொன்னால் அது ஏமாற்று. இந்தப் பத்தியை வாசிக்கும்போது வகுப்பில் கட்டாயம் ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்போடு கரும்பலகைக் கேள்விக்குத் திரும்புங்கள். இப்போது மாணவர்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் 'விலை' என்ற சொல். மாணவர்கள் "விலையுள்ள கிருபை" என்றதும் நாம் கொடுக்கும் விலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். தமிழில் வாசிப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. முதலாம் பேதுருவில் "விலையேறப்பெற்ற இரத்தம்" என்று வேதாகமத்தில் படித்த சொல் எல்லோருக்கும் காதில் இருக்கும். விலையேறப்பெற்ற கிருபை என்று சொல்லிப் பாருங்கள், திசை தானாகவே திரும்பும். விலை கொடுத்தவர் தேவன், தம் குமாரனின் உயிரைக் கொடுத்தார். கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள் என்ற பவுலின் வார்த்தையைப் போன்ஹோஃபரும் இந்த இடத்தில்தான் கொண்டுவருகிறார். தேவனுக்கு அவ்வளவு விலையான ஒன்று நமக்கு மலிவாக இருக்க முடியாது என்பதுதான் அவருடைய வாதம். நம் கையிலிருந்து போகும் விலை அதற்குப் பிறகு வருவது.

இரண்டாம் வகுப்பில் அடுத்த அதிகாரம். மாற்கு 2:14-ஐ முதலில் வாசியுங்கள். லேவி ஆயத்துறையில் உட்கார்ந்திருக்கிறான், அழைப்பு வருகிறது, எழுந்து பின்சென்றான். "இவன் ஏன் போனான்?" என்று கேளுங்கள். அவனுக்கு முன்பே மனதில் ஒரு தேடல் இருந்திருக்கும், இயேசுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பான், வேலை பிடித்திருக்காது என்று மாணவர்கள் கதை கட்டுவார்கள். கட்டவிடுங்கள். பிறகு போன்ஹோஃபரைத் திறங்கள். வசனத்தில் இல்லாத அந்தக் காரணங்களைத் தேடுவதே தவறு என்கிறார் அவர். அழைத்தவர் யார் என்பதைத் தவிர வேறு காரணம் வேண்டியதில்லை.

விசுவாசிக்கிறவனே கீழ்ப்படிகிறான், கீழ்ப்படிகிறவனே விசுவாசிக்கிறான் என்ற இரட்டை வாக்கியமும் இந்த அதிகாரத்தில்தான் வருகிறது. அதில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் முதல் பாதியை மட்டும் வைத்தால் என்ன கெடும், மறுபக்கம் இரண்டாம் பாதியை மட்டும் வைத்தால் என்ன கெடும் என்று 15 நிமிடம் பேசச் சொல்லுங்கள்.

4. கூடி வாழ்தல்: வாசிப்போடு ஒரு வாரப் பயிற்சி

இப்போது கொஞ்சம் பின்னணி தேவை. 1935-இல், சபைக்குள் நாஜித் தலையீட்டை எதிர்த்த அறிக்கைத் திருச்சபை தன் போதகர்களைப் பயிற்றுவிக்க நடத்திய பள்ளிக்குப் போன்ஹோஃபர் பொறுப்பேற்றார். அது ட்ஸிங்ஸ்டில் தொடங்கி, பிறகு ஃபிங்கன்வால்டேயில் நடந்தது. 1937-இல் நாஜிகளின் இரகசியக் காவல்துறையான கெஸ்டாப்போ அதை மூடியது. அங்கே வாழ்ந்த வாழ்க்கையை அடுத்த ஆண்டு எழுதினார். இவ்வளவு போதும்.

முதல் அதிகாரத்தில் ஒரு கருத்து மாணவர்களை நிச்சயம் சுடும். நல்ல சமூகம் எப்படி இருக்க வேண்டும் என்ற தன் கனவை, எதிரே இருக்கும் உண்மையான சமூகத்தைவிட அதிகமாக நேசிப்பவன் அந்தச் சமூகத்தை அழிக்கிறான். அவனுடைய எண்ணம் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் அழிக்கிறான். விடுதியிலோ ஜெபக்குழுவிலோ இருந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

வாசிப்போடு நிறுத்தாமல் ஒரு சிறு பயிற்சி கொடுங்கள். ஃபிங்கன்வால்டேயில் தினமும் அரை மணி நேரம் ஒரு சிறிய வேதப்பகுதியை வைத்து மௌனமாகத் தியானிக்க வேண்டும், அதே பகுதி வாரம் முழுவதும். அங்கிருந்த மாணவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். சகோதரன் ஒருவன் இல்லாத இடத்தில் அவனைப் பற்றிப் பேசக்கூடாது, பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்ல வேண்டும் என்ற விதியும் இருந்தது. இரண்டில் ஒன்றை ஒரு வாரம் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி அதிகம் என்றால் 10 நிமிடம் போதும்.

காரணம், இந்த நூல் ஒரு கோட்பாட்டு நூல் இல்லை. செய்து பார்க்காதவர்களுக்கு அது இனிமையான பக்தி வாசகமாகத் தெரியும். இரண்டாவது விதியை முயன்ற மாணவர்கள் மூன்றாம் நாளே தோற்றுவிட்டதாக வந்து சொன்னார்கள். அந்த வகுப்பில்தான் நூலின் கடைசி அதிகாரத்தில் வரும் பாவ அறிக்கை ஏன் அங்கே இருக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்தது.

தியானப் பயிற்சியைக் கிறிஸ்தவர் அல்லாத மாணவர்கள்மேல் திணிக்க வேண்டாம். இரண்டாவது விதி எல்லோருக்கும் பொருந்தும்.

5. வேண்டுமென்றே பின்னால் போவது: 1933 கட்டுரை

காலவரிசைப்படி பார்த்தால் இது முதலில் வர வேண்டும். நான் ஐந்தாவது வகுப்பில் வைக்கிறேன், மாணவர்களிடம் அதைச் சொல்லியும் விடுகிறேன். இதை முதலில் கொடுத்தால் போன்ஹோஃபர் ஒரு அரசியல் வீரராக மட்டும் பதிந்துபோவார். மலிவான கிருபையைப் படித்த பிறகு வந்தால், சபை வாய்மூடி இருப்பதும் அந்த மலிவின் ஒரு வடிவம்தான் என்று அவர்களே இணைத்துப் பார்ப்பார்கள்.

பின்னணி இரண்டு தேதிகள்தான். 1933 ஏப்ரல் 1 அன்று யூதர் கடைகளைப் புறக்கணிக்கும் நடவடிக்கை. ஏப்ரல் 7 அன்று யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம். அதே விதியைச் சபைக்குள்ளும் கொண்டுவர வேண்டும் என்ற அழுத்தம் அப்போதே கிளம்பிவிட்டது.

கட்டுரையில் அரசின் முன் சபைக்கு மூன்று வழிகள் உண்டு என்கிறார். அரசு தன் கடமையைச் சரியாகச் செய்கிறதா என்று கேள்வி கேட்பது. அரசால் பாதிக்கப்பட்டவர்களுக்கு, அவர்கள் கிறிஸ்தவர்களாக இல்லாவிட்டாலும், உதவுவது. மூன்றாவது, சக்கரத்தில் நசுங்கியவர்களுக்குக் கட்டுப்போடுவதோடு நில்லாமல், அந்தச் சக்கரத்தின் ஆரக்கால்களுக்குள்ளேயே பாய்ந்து அதைத் தடுப்பது. மூன்றாவதை எப்போது செய்வது என்பதைத் தனி ஆள் தீர்மானிக்கக்கூடாது, சபைகளின் பேரவை தீர்மானிக்க வேண்டும் என்றும் எழுதுகிறார். இந்த நிபந்தனையை மேற்கோள் காட்டுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். இதே கட்டுரையில், கிறிஸ்துவைச் சிலுவையில் அறைந்த மக்கள் சாபத்தின் கீழ் பாடுபடுகிறார்கள் என்ற பழைய யூத விரோதப் பேச்சும் இருக்கிறது. அந்த ஏப்ரல் மாதத்திலேயே அவருடைய இரட்டைச் சகோதரி சபீனாவின் மாமனார் இறந்தார். அவர் ஞானஸ்நானம் பெறாத யூதர். அடக்க ஆராதனையை நடத்தும்படி போன்ஹோஃபரைக் கேட்டார்கள். அவர் சபை மேலதிகாரியிடம் ஆலோசனை கேட்டார், வேண்டாம் என்றார்கள், மறுத்துவிட்டார். சில மாதங்களில், அப்போது அவ்வளவு பயந்துபோனேனே என்று அந்தக் குடும்பத்திடம் வருந்தி எழுதினார்.

இதைச் சொன்னால் மாணவர்களின் மதிப்பு குறைந்துவிடுமோ என்று சில ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். என் அனுபவத்தில் வகுப்பு விழித்துக்கொள்வது இந்த இடத்தில்தான். எழுதியதற்கும் செய்ததற்கும் நடுவில் அவருக்கும் இடைவெளி இருந்தது, அதை அவர் ஒப்புக்கொண்டார் என்று தெரிந்த பிறகுதான் அவரோடு வாதாடலாம் என்ற தைரியம் அவர்களுக்கு வருகிறது.

6. பொய் சொன்ன சிறுவன்

'எத்திக்' என்ற அறநூலுக்குள் நேராகப் போகாதீர்கள். 1940 முதல் 1943 வரை எழுதப்பட்டு முடியாமல் நின்ற கைப்பிரதிகள் அவை. நண்பர் எபர்ஹார்ட் பெத்கே 1949-இல் தொகுத்து வெளியிட்டார். அத்தியாய வரிசை பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. இந்தச் சிக்கல் தெரியாமல் நுழையும் மாணவர் "இவர் ஏன் தாவித்தாவி எழுதுகிறார்?" என்று சோர்ந்துபோவார்.

அதற்குப் பதிலாக உண்மை பேசுவது பற்றிய சிறு கட்டுரையைக் கொடுங்கள். அதில் ஓர் ஆசிரியர் வகுப்பு முழுவதற்கும் முன்னால் ஒரு சிறுவனிடம், உன் அப்பா அடிக்கடி குடித்துவிட்டு வருகிறாராமே என்று கேட்கிறார். உண்மைதான். சிறுவன் இல்லை என்கிறான். போன்ஹோஃபரின் தீர்ப்பு, அந்தப் பதிலைப் பொய் என்று சொல்லலாம், ஆனாலும் அப்பாவின் பலவீனத்தை வகுப்பின் முன் காட்டிக்கொடுத்திருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட அதில் அதிக உண்மை இருக்கிறது என்பது. குடும்பத்துக்குள் நுழைய உரிமை இல்லாத கேள்வி அது. அதை எப்படித் தட்டிக்கழிப்பது என்று அறியாத குழந்தை தன் வீட்டைக் காத்தது. குற்றம் கேட்டவர் மேல்தான் விழுகிறது.

மாணவர்கள் உடனே "நல்ல காரணத்துக்காகப் பொய் சொல்லலாம்" என்று சுருக்கிவிடுவார்கள். அந்தச் சுருக்கத்தை ஏற்காதீர்கள். "யார், யாரிடம், எந்த உரிமையில் கேட்கிறார்?" என்ற மூன்றையும் கேட்காமல் உண்மை என்ற சொல்லுக்கே அர்த்தம் இல்லை என்பதுதான் அவர் சொல்வது. உண்மை பேசுவதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார், அது எளிதாக்குவது இல்லை, கடினமாக்குவது.

இது நிலைத்த பிறகு அறநூலிலிருந்து இரண்டு பக்கம் மட்டும் கொடுங்கள். பொறுப்போடு செயல்படுபவர் பிறர் இடத்தில் தன்னை நிறுத்திக்கொள்கிறார், தேவைப்பட்டால் குற்றத்தையும் தன்மேல் ஏற்றுக்கொள்கிறார் என்ற பகுதி. இங்கே கவனிக்க வேண்டியது, அவர் அந்தக் குற்றத்தைக் குற்றம் இல்லை என்று எங்கும் சொல்லவில்லை. ஏற்றுக்கொண்டு இரக்கத்துக்குக் காத்திருப்பதாகத்தான் சொல்கிறார்.

7. சிறைக் கடிதங்கள்: இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள்

1943 ஏப்ரல் 5 அன்று கைதாகி பெர்லினின் டேகெல் சிறையில் இருந்தபோது பெத்கேவுக்கு எழுதியவை. ஏப்ரல் 30, மே 29, ஜூலை 16, ஜூலை 18, ஜூலை 21 என்று 1944-இன் ஐந்து கடிதங்களையும் அந்த வரிசையிலேயே படியுங்கள். தனித்தனியாகப் பிய்த்தால் வேறு ஆள் எழுதியதுபோல இருக்கும். 1960-களில் இந்தக் கடிதங்களிலிருந்து சில வரிகளை மட்டும் எடுத்து, கடவுள் இறந்துவிட்டார் என்ற இறையியலுக்கு அவரையே முன்னோடியாக்கியதும் நடந்தது.

முதலில் 'மதம்' என்ற சொல்லை அவர் எந்தப் பொருளில் பயன்படுத்துகிறார் என்று கடிதங்களிலிருந்தே ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். நம் அன்றாடப் பேச்சில் மதம் என்றால் வழிபாடு, சபை, வேதம் எல்லாமே அடங்கும். அவருக்கு அப்படி இல்லை. மனித அறிவும் பலமும் தீர்ந்துபோகும் எல்லையில் மட்டும் கடவுளைக் கூப்பிடுவது, விசுவாசத்தை மனதின் உள்ளறைக்குள் பூட்டிவைப்பது, இவற்றைத்தான் மதம் என்கிறார். மே 29 கடிதத்தில் இது தெளிவாகத் தெரியும். இயற்பியல் பற்றிய ஒரு நூலைப் படித்துக்கொண்டிருந்தபோது எழுதியது அது. நமக்குத் தெரியாத இடங்களில் ஓட்டை அடைக்கிற கடவுள் வேண்டாம், அறிவு வளர வளர அந்தக் கடவுள் பின்வாங்கிக்கொண்டே போவார், நாம் அறிந்தவற்றின் நடுவில் அவரைக் கண்டுகொள்ள வேண்டும் என்கிறார்.

மொழிபெயர்ப்பில் ஒரு சிறு எச்சரிக்கை. உலகம் 'ம்யூண்டிக்' ஆகிவிட்டது என்று அவர் எழுதுவது சட்டச் சொல். காப்பாளர் தேவைப்படாத வயதை எட்டுவது, பேச்சுவழக்கில் சொன்னால் மேஜர் ஆவது. "வயதுக்கு வந்த உலகம்" என்று தமிழில் எழுதினால் பொருள் வேறெங்கோ போய்விடும். உரிய வயதை எட்டிய உலகம் என்று சொல்லுங்கள். உலகம் நல்லதாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேஜரான பிள்ளை நல்ல பிள்ளையாகத்தான் இருப்பான் என்று யாரும் சொல்வதில்லையே.

"மதமற்ற கிறிஸ்தவம் என்றால் ஜெபம் வேண்டாமா?" என்று ஒருவராவது கேட்பார். வாதம் செய்ய வேண்டாம். அதே சிறையில் அவர் தினமும் சங்கீதங்களைப் படித்ததைக் கடிதங்களிலேயே காட்டுங்கள். பெத்கேயின் குழந்தையின் ஞானஸ்நானத்துக்காக 1944 மே மாதம் எழுதியதில், இனிக் கிறிஸ்தவனாக இருப்பது ஜெபிப்பதிலும் மனிதரிடையே நீதி செய்வதிலும் அடங்கும் என்கிறார். ஜெபம் முதலில் நிற்கிறது.

ஜூலை 16 கடிதம் கடினமானது. கடவுளுக்கு முன்பாக, கடவுளோடு, கடவுள் இல்லாமல் வாழ்கிறோம் என்ற முரணும், பாடுபடுகிற கடவுளே உதவ முடியும் என்ற வரியும் அதில் இருக்கின்றன. விளக்கம் கொடுக்கும் ஆசை வரும். அடக்கிக்கொண்டு, அதே மாதத்தில் அவர் எழுதிய 'கிறிஸ்தவரும் புறமதத்தாரும்' என்ற மூன்று பத்திக் கவிதையைக் கொடுங்கள். முதல் பத்தியில் மனிதர் தங்கள் தேவையில் கடவுளிடம் போகிறார்கள். இரண்டாவதில் மனிதர் கடவுளின் தேவையில் அவரிடம் போகிறார்கள். மூன்றாவதில் கடவுள் எல்லா மனிதரிடமும் அவர்கள் தேவையில் போகிறார். ஒவ்வொரு பத்தியையும் சொந்த வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது பத்தியில் எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். வையட்டும். அந்த மௌனத்தை அவசரப்பட்டுக் கலைக்காதீர்கள்.

ஜூலை 21 கடிதத்தோடு நிறுத்துங்கள். இந்தக் கடிதத்துக்கு ஒரு தனிப் பயன் இருக்கிறது. 'நாக்ஃபோல்கெ' நூலின் ஆபத்துகள் இப்போது தெளிவாகத் தெரிகின்றன, ஆனாலும் அதில் எழுதியதில் நிற்கிறேன் என்று அவரே சொல்கிறார். பரிசுத்தமான ஒரு வாழ்க்கையை நானே உருவாக்கிக்கொள்ள முயன்றேன், பிறகுதான் இந்த உலகத்தின் நடுவில் முழுமையாக வாழும்போதே விசுவாசிக்கக் கற்கிறோம் என்று கண்டேன் என்கிறார். மூன்றாவது படியில் நீங்கள் இரண்டு வகுப்பு செலவிட்ட நூலை ஆசிரியரே திரும்பிப் பார்க்கிறார். மாணவர்கள் இதை அந்த நூலின் அதிகாரங்களைப் படித்த பிறகு பார்த்தால்தான் இதன் கனம் தெரியும்.

8. இப்போது மரணம், அளவோடு

அந்தக் கடிதத்தின் தேதியைக் கரும்பலகையில் எழுதுங்கள். அதற்கு முந்தின நாள், ஜூலை 20, ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றது. காலவரிசையின் மீதியை இப்போது கொடுங்கள். 1939-இல் நியூயார்க் போய்ச் சில வாரங்களில் திரும்பியது, மைத்துனர் ஹான்ஸ் ஃபொன் டோனானி மூலம் இராணுவ உளவுத்துறைக்குள் வந்தது, 1942-இல் சுவீடனில் ஆங்கில ஆயர் ஜார்ஜ் பெல்லைச் சந்தித்துச் சதியாளர்களின் செய்தியைக் கொடுத்தது, யூதர்கள் 14 பேர் சுவிட்சர்லாந்துக்குத் தப்ப நடந்த ஏற்பாட்டில் பங்கு கொண்டது.

"ஹிட்லருக்குக் குண்டு வைத்த போதகர்" என்று மாணவர்கள் எழுதுவார்கள், திருத்துங்கள். குண்டு வெடித்தபோது அவர் சிறையில் ஓராண்டுக்கு மேல் கழித்திருந்தார். சதி பற்றி அறிந்து அதற்குத் துணை நின்றார், அது உண்மை. தூக்கிலிடப்படும் முன் அமைதியாக முழங்காலிட்டு ஜெபித்தார் என்ற முகாம் மருத்துவரின் சாட்சியம் 10 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது, அதை ஆய்வாளர்கள் பலர் சந்தேகிக்கிறார்கள். அதை வகுப்பில் உச்சக்கட்டமாக வாசிக்க வேண்டாம்.

9. மதிப்பீடும் மேற்கோள் சோதனையும்

கட்டுரைத் தலைப்பாக "போன்ஹோஃபரின் வாழ்வும் பணியும்" என்று ஒருபோதும் கொடுக்காதீர்கள். எங்கிருந்தாவது எடுத்து ஒட்டப்பட்ட வாழ்க்கைக் குறிப்புதான் வரும். ஒரே ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, அவர் என்ன சொல்கிறார், யாருக்கு எதிராகச் சொல்கிறார், நீ எங்கே நிற்கிறாய் என்று மூன்று பக்கம் கேளுங்கள்.

மேற்கோள் எடுத்தால் நூலின் பெயரும் ஆண்டும், கடிதம் என்றால் தேதியும் கட்டாயம். அவருடைய பெயரில் சுற்றும் வாசகங்களில் சில அவருடையவை அல்ல. தீமையின் முன் மௌனமும் தீமையே, பேசாமல் இருப்பதும் பேசுவதே என்று போகும் புகழ்பெற்ற வாசகம் அவருடைய எழுத்துகளில் எங்கும் இல்லை. மாணவர்களையே தேடச் சொல்லுங்கள். கிடைக்காமல் திரும்பி வரும்போது, இனி எந்த மேற்கோளையும் அவர்கள் அப்படியே நம்ப மாட்டார்கள்.

அப்புறம் முதல் நாள் வாங்கி வைத்த தாள்களைத் திருப்பிக் கொடுங்கள். பிரித்துப் படித்துவிட்டு, அதே தாளின் பின்பக்கத்தில் மறுபடி இரண்டு வரி எழுதட்டும். அதை வாங்காதீர்கள், மதிப்பெண்ணும் போடாதீர்கள். அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.